கேட்பு அச்சா, வேண்டுபடியா?

அல்சூரிலிருந்து, செவ்வாய் இரவு

குழுவினருக்கு வணக்கம். ஒரு பதிப்பகத்தின் இணையக் கடைக்கான விளம்பரப் பக்கங்களை வியாழன் மாலைக்குள் தமிழில் முடித்துத் தர வேண்டும். 'பிரிண்ட் ஆன் டிமாண்ட்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். 'தேவைக்கேற்ப அச்சிடப்படும் நூல்' என்று இட்டால் கைப்பேசித் திரையில் பொத்தானுக்குள் மூன்று வரியாக உடைகிறது. ஆப்செட் அச்சில் முதலில் அச்சுத் தகடு செய்யும் செலவு உண்டு; நூற்றுக்கணக்கில் அடித்தால்தான் கட்டுப்படியாகும். டிஜிட்டல் அச்சில் தகடு இல்லை. வாசகர் பணம் கட்டிய பிறகு ஒரே ஒரு படியைக்கூட அடித்து அனுப்பலாம். அந்த 'பிறகு' சொல்லில் தெரிய வேண்டும்.

மல்லேஸ்வரத்திலிருந்து

அம்மா, வங்கியில் டிமாண்ட் டிராஃப்டைக் 'கேட்பு வரைவோலை' என்றே எழுதிவந்தோம். அதே தடத்தில் 'கேட்பு அச்சு' என்று வையுங்கள். புதிதாக எதையும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஜெயநகரிலிருந்து

ஐயா, அதே கடையில் ஒலிநூலும் இருக்குமே. 'கேட்பு' என்றதும் காதுதான் நினைவுக்கு வரும். என் பரிந்துரை 'வேண்டுபடி'. ஊறுகாய் போல வினைத்தொகை; ஒற்று மிகாது, 'வேண்டுப்படி' என்று அடித்துவிடாதீர்கள். மேலும் 'அச்சு' வடமொழி 'அக்ஷ'த்தின் திரிபு. அதைத் தவிர்க்க முடிகிறபோது தவிர்ப்போமே.

மல்லேஸ்வரத்திலிருந்து

அது தேரச்சு. வார்ப்புக்கும் முத்திரைக்கும் வரும் 'அச்சு' வேறு சொல். இங்கே பெங்களூரில் பேசும் கன்னடத்திலும் வார்ப்புக்கு 'அச்சு'தான், அச்சகத்துக்கு 'அச்சுகூட'. நம் 'அச்சுக்கூட'த்தோடு எவ்வளவு நெருக்கம், பாருங்கள்! அப்படியே வடசொல் என்று வைத்துக்கொண்டாலும், வடவெழுத்தை நீக்கி ஏற்கலாம் என்று தொல்காப்பியரே இசைந்திருக்கிறார்.

இந்திராநகரிலிருந்து

தேரச்சு என்றதும் 475ஆம் குறள் நினைவுக்கு வந்தது. மயிற்பீலியே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும். என் முதல் நூலில் ஐந்நூறு படி அடித்தேன். முந்நூறுக்கு மேல் இன்னும் பரணில் இருக்கின்றன. அடிக்கட்டில் கரையான் அரித்து, அட்டையைத் தொட்டால் தூளாக உதிர்கிறது. ஒவ்வொரு படியாக அச்சிடும் வழி அன்று எனக்குத் தெரிந்திருந்தால்! எந்தச் சொல்லானாலும் வாசகருக்கு உடனே புரியட்டும். 'வேண்டுபடி' என்றால் 'வேண்டியபடி' என்றல்லவா படிப்பார்கள்? என் வாக்கு 'கேட்பு அச்சு'க்கு.

அல்சூரிலிருந்து, வியாழன் மாலை

பக்கங்களை அனுப்பிவிட்டேன். பொத்தானில் 'கேட்பு அச்சு'. அதன் கீழே சிறிய எழுத்தில் 'நீங்கள் கேட்ட பிறகே அச்சிடப்படும்'. குழப்பம் வராதிருக்க, ஒலிநூல் பக்கத்தில் 'கேட்க' என்றிருந்ததை 'ஒலி மாதிரி' என்று மாற்றினேன். அனைவருக்கும் நன்றி.

ஜெயநகரிலிருந்து

கீழே விளக்கம் தேவைப்படும் சொல்லை எப்படி ஒப்புக்கொள்வது? என் மொழிபெயர்ப்புகளில் 'வேண்டுபடி' என்றே எழுதுவேன். அதே பக்கத்தில் இரண்டு இடங்களில் 'பிரதி' என்று நிற்கிறது. அதையாவது 'படி' என்று மாற்றிவிடுங்கள், அம்மா.