மூழ்கிய மதகுக் கதவு: ஆழம் கூடும்போது அழுத்த மையம் ஏன் மேலே நகர்கிறது?

சிவில் மாணவர் (கேள்வி)
ஏரி மதகு ஒன்றின் செவ்வகக் கதவின் மீது நீர் செலுத்தும் விசையைக் கணக்கிட்டு வருகிறேன். கதவின் அகலம் 1.2 மீட்டர், உயரம் 1.5 மீட்டர், செங்குத்தாக நிற்கும் அதன் மேல் விளிம்பு நீர்மட்டத்துக்கு 3 மீட்டர் கீழே இருக்கிறது. மொத்த விசை 66.2 கிலோ நியூட்டன் என்றும், அழுத்த மையம் (மொத்த விசை செயல்படுவதாகக் கொள்ளும் புள்ளி) பரப்பு மையத்துக்கு (கதவின் நடுப்புள்ளிக்கு) 5 சென்டிமீட்டர் கீழே என்றும் விடை வருகிறது. நீர்மட்டம் மேல் விளிம்பு வரை இறங்கிவிட்டதாகக் கொண்டால் அந்த இடைவெளி 25 சென்டிமீட்டராகிறது. ஆழம் கூடக் கூட இடைவெளி குறைவதற்குக் காரணம் என்ன? சூத்திரத்தில் எண்களைப் போட முடிகிறது, ஆனால் காரணம் பிடிபடவில்லை.

பாசனப் பொறியாளர்
உங்கள் விடைகள் சரி. சூத்திரத்தைச் சற்று ஒதுக்கிவிட்டு, கதவின் மீதுள்ள அழுத்தப் படத்தை ஒரு செவ்வகமாகவும் ஒரு முக்கோணமாகவும் பிரித்துப் பாருங்கள். மேல் விளிம்பில் உள்ள அழுத்தம் கதவு முழுவதும் ஒரே அளவாகப் பரவியிருப்பதாகக் கொண்டால், அந்தச் செவ்வகப் பகுதி 53 கிலோ நியூட்டன் விசையைத் தந்து சரியாகக் கதவின் நடுவில் செயல்படும். மேலிருந்து கீழே வரும்போது கூடுகிற அழுத்தம்தான் முக்கோணம். அதன் விசை 13.24 கிலோ நியூட்டன், செயல்படும் இடம் நடுவுக்கு 0.25 மீட்டர் கீழே.

நீர்மட்டம் உயரும்போது செவ்வகம் மட்டுமே பருக்கிறது, முக்கோணம் அப்படியே இருக்கிறது. ஏனெனில் அது கதவின் உயரத்தை மட்டுமே பொறுத்தது. ஆகவே நடுவைப் பற்றிய திருப்புத்திறன் (விசை × நடுவிலிருந்து தூரம்) எந்த ஆழத்திலும் 3.31 கிலோ நியூட்டன் மீட்டர்தான். மாறாத அந்த எண்ணை, வளர்ந்துகொண்டே போகும் மொத்த விசையால் வகுக்கும்போது இடைவெளி சுருங்குவது இயல்பே. இதைப் பாடத்தில் முதலிலேயே சொல்லிவிட்டால் மாணவர்களின் பாதிக் குழப்பம் தீரும் என்பது என் உறுதியான எண்ணம்.

கதவு வடிவமைப்பாளர்
மேலே சொன்னதற்கு நேரடிப் பயன் உண்டு. கதவை நடு உயரத்தில் கிடைமட்ட அச்சில் சுழலும்படி அமைத்தால், அது முழுவதும் மூழ்கியிருக்கும் வரை, மூடிய நிலையில் நிறுத்திவைக்கத் தேவையான திருப்புத்திறன் ஏரி நிரம்பினாலும் மாறாது. அச்சைத் தாங்கும் பேரிங்குகளின் மீதுள்ள சுமைதான் கூடும். பள்ளத்தில் சறுக்கி ஏறும் ஷட்டருக்கோ மொத்த விசையே முக்கியம், ஏனெனில் உராய்வு அதைப் பொறுத்தே வரும். உராய்வுக் கெழு (உராய்வுக்கும் அழுத்தும் விசைக்கும் உள்ள விகிதம்) 0.4 என்று கொண்டால், கதவின் சொந்த எடை நீங்கலாக, அதை மேலே தூக்க மட்டும் ஏறத்தாழ 26.5 கிலோ நியூட்டன் வேண்டும்.

சிவில் மாணவர்
மிக்க நன்றி ஐயா, இப்போது தெளிவாகிவிட்டது. கதவின் பின்புறம், வாய்க்கால் பக்கத்திலும் நீர் நின்றால் கணக்கு எப்படி மாறும்?

பாசனப் பொறியாளர்
இருபுறமும் கதவு முழுவதும் மூழ்கியிருந்தால் இரண்டு முக்கோணங்களும் ஒன்றையொன்று நீக்கிவிடும்; இரு நீர்மட்டங்களின் வேறுபாட்டுக்கு உரிய சீரான அழுத்தம் மட்டுமே எஞ்சி, நிகர விசை பரப்பு மையத்திலேயே செயல்படும். வாய்க்கால் நீர் கதவின் பாதி உயரம் வரை மட்டும் நின்றால் இப்படிச் சுருக்க முடியாது. இரு பக்க விசைகளையும் தனித்தனியே கண்டு, அவற்றின் திருப்புத்திறன்களைக் கழிக்க வேண்டும்.