நேரில் கண்ட சுழல்காற்று: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

ஒழுங்கைக்காரன்:
சித்திரை மாதப் பிற்பகல், சுழிபுரம். வானம் கறுத்து இடி முழங்கியதே தவிர மழை இல்லை. திடீரென்று எங்கள் வளவின் மேற்குப் பக்கக் கிடுகு வேலி பெயர்ந்து, கிடுகு கிடுகாகச் சுழன்று மேலே ஏறியது. மாட்டுக் கொட்டில் தகரம் ஒன்று பனை வட்டுக்கும் மேலே போனது. வளவின் மறுகோடியில் கொடியில் காய்ந்த மாமியின் சேலையோ அசையவே இல்லை. அதைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. சில நிமிடங்களில் எல்லாம் அடங்கிவிட்டது. சூறாவளி வருவதை ஏன் ஒருவரும் முன்கூட்டியே அறிவிக்கவில்லை?

தீவகத்து மகள்:
நான் கண்டது கடலில். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் போய்க்கொண்டிருந்தோம். தூரத்தில் நீர் வட்டமாகச் சிதறத் தொடங்கியது. பிறகுதான் மேகத்துக்கும் கடலுக்கும் நடுவே யானைத் துதிக்கை போல ஒன்று தெரிந்தது. படகோட்டி ஐயா ஒரு வார்த்தை பேசவில்லை. அது நகரும் பாதைக்குக் குறுக்காகப் படகைத் திருப்பி விலகிப் போனார்.

வாடைக்காற்று:
ஒழுங்கைக்காரன் அண்ணா, அது சூறாவளியே அல்ல. 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கியதே, அதுதான் சூறாவளி. நான் அப்போது சிறுபிள்ளை, அம்மம்மா வீட்டில் இருந்தேன். மணிக்கணக்காக அடித்த காற்று சட்டென்று ஓய்ந்தது. வெளியே போக எழுந்த மாமாவை அம்மம்மா கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். பிறகு எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடித்தது.

சூறாவளி பிறப்பது சூடான கடலில். நீரின் வெப்பம் ஏறத்தாழ 26.5 பாகை செல்சியசுக்கு மேல் இருக்கவேண்டும். மேலேறும் நீராவி ஒடுங்கும்போது வெளிவிடும் வெப்பமே அதை வளர்க்கிறது. பூமியின் சுழற்சி அதைச் சுழலவைக்கிறது. நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலம், நாட்கணக்கில் ஆயுள். அத்திலாந்திக்கின் ஹரிக்கேனும் இதே இனம்தான். செய்மதி முன்கூட்டியே காட்டிவிடும்.

உங்கள் வேலியைப் பிடுங்கியது டொர்னாடோ வகை. அது இடிமேகத்தில் பிறப்பது. தரையருகே ஒரு விதமாகவும் மேலே வேறு விதமாகவும் வீசும் காற்றுகளுக்கு நடுவே காற்று உருளும். மேகத்துக்குள் ஏறும் காற்று அந்த உருளையை நிமிர்த்திவிடும். அகலம் பெரும்பாலும் சில நூறு மீற்றருக்குள். ராடார்கள் நிறைந்த அமெரிக்காவிலேயே சில நிமிட அவகாசம்தான் கிடைக்கிறது. இங்கே யாரைக் குறை சொல்வது?

பனங்கூடல்:
2020 டிசெம்பரில் புரெவிச் சூறாவளி வந்த இரவு எங்கள் வீட்டில் இரண்டு ஓடுகள் விழுந்தன. என் கதை அவ்வளவுதான். ஆனால் எல்லோரும் இதைக் கேளுங்கள். தகரக் கூரைக்கு ஆணி மட்டும் போதாது, கம்பியால் கூரை வளைமரத்தோடு இறுக்கிக் கட்டுங்கள். முற்றத்தில் தகரத் துண்டுகளைப் போட்டுவைக்காதீர்கள், பறந்தால் கழுத்தை அறுக்கும். வீட்டோடு சாய்ந்த முருங்கையை மாரிக்கு முன்பே தறியுங்கள். சூறாவளியின் நடுவே காற்று ஓய்ந்தால் வெளியே இறங்காதீர்கள். சுழல்காற்று என்றால் யன்னல் இல்லாத உள்ளறைக்குப் போங்கள். யன்னலைத் திறந்துவிட்டால் கூரை தப்பும் என்பது பொய். திறந்த வழியே காற்று புகுந்து கூரையைத் தூக்கிவிடும். பிள்ளைகளை மரத்தடியில் நிற்கவிடாதீர்கள்.

தீவகத்து மகள்:
வாடைக்காற்று அண்ணா, எல்லாவற்றையும் இடிமேகத்தின் தலையில் கட்டாதீர்கள். அன்று கடலில் ஓர் இடிகூட இல்லை. மேலே வளர்ந்துகொண்டிருந்தது ஒரு சிறு மேகம்தான். நீர்தான் முதலில் சுழன்றது. இந்த வகை கடல்மட்டத்தில் தொடங்கி மேல்நோக்கி வளரும். கரை தொட்டால் பெரும்பாலும் விரைவில் கலைந்துவிடும். ஒழுங்கைக்காரன் அண்ணாவின் வளவுக்கு வந்தது எந்த வகை என்று சேலையை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது.