ரொறன்ரோ ஸ்காபரோவில பழைய வீடு வாங்கி பெயின்ற் அடிச்சு விக்க யோசிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு

போன கிழமை ஒரு தம்பி கேட்டவர், "அண்ணா, பி.ஆர். (கனடாவில நிரந்தரமா இருக்கிற உரிமை) கிடைச்சிட்டுது, கையில கொஞ்சம் காசும் சேர்ந்திருக்கு, பழசா ஒரு வீடு வாங்கி பெயின்ற் அடிச்சு கிச்சினையும் மாத்தி ஆறு மாதத்தில விக்கலாமோ" எண்டு. நான் 14 வருசமா இங்க பெயின்ற் வேலைதான் செய்யிறன், எனக்கெண்டும் ரெண்டு வீடு வாங்கித் திருத்தினனான், அதால கொஞ்சம் விளக்கமாவே எழுதுறன்.

முதல்ல அந்த ஆறு மாதக் கதையை விடுங்கோ. 2023 தை மாதத்தில இருந்து, வாங்கி 365 நாளுக்குள்ள வித்தா வாற லாபம் முழுக்க வியாபார வருமானம் எண்டுதான் கணக்கு, நீங்களே குடியிருந்த வீடெண்டாலும் சொந்த வீட்டை வித்த லாபத்துக்கு ராக்ஸ் இல்லை எண்ட சலுகை கிடைக்காது. சாவு, பிள்ளை பிறக்கிறது, குடும்பம் பிரியிறது, வேலை போறது, இப்பிடிச் சில காரணத்துக்குத்தான் விலக்கு. வருசம் தாண்டினாலும் விக்கிற நோக்கத்தோடதான் வாங்கினனீங்கள் எண்டு ராக்ஸ்காரர் கண்டா அப்பவும் பிரச்சினைதான். குடியிருக்காம முதலீட்டுக்கு வாங்கிறதெண்டா டவுன்பேமென்ற், அதாவது கடன் போக நீங்கள் கையால போடுற காசு, விலையில 20 வீதம் வேணும். ரொறன்ரோ எல்லைக்குள்ள வாங்கினா லாண்ட் ட்ரான்ஸ்பர் ராக்ஸ் (வீடு பேர் மாறேக்க வாங்கிறவர் கட்டுற வரி) மாகாணத்துக்கு ஒருக்கா சிற்றிக்கு ஒருக்கா எண்டு ரெண்டு தரம் கட்டோணும், ஏஜக்ஸ், மார்க்கம் பக்கம் போனா சிற்றிக்குக் கட்டுறது இல்லை. விக்கேக்க ஏஜென்ற் கமிஷன், லோயர் காசு. எல்லாத்தையும் ஒரு பேப்பரில எழுதிக் கழிச்சுப் பாருங்கோ, ஆறு மாதத்தில மிஞ்சுறது என்ன எண்டு தெரியும். வாங்கி, அதிலேயே இருந்து, அறை அறையா திருத்துறதுதான் புதுசா வந்தாக்களுக்குச் சரி.

இனிப் பெயின்ற். குறைஞ்ச காசில வீட்டின்ர முகத்தையே மாத்துறது இதுதான், ஒரு கலன் ஒரு கோட்டுக்கு 350, 400 சதுர அடி பிடிக்கும், நீங்களே அடிக்கலாம், பெர்மிற் ஒண்டும் தேவையில்லை. ஆனா வேலையில முக்கால்வாசி பிரஷ்ஷைத் தொட முன்னமே இருக்கு. என்ர ரெண்டாவது வீட்டுக் கிச்சினில அடுப்புக்கு மேல சுவர் பார்க்க நல்ல கிறீம் கலர், பழைய ஆக்கள் அந்தக் கலர்தான் அடிச்சிருக்கினம் எண்டு நினைச்சனான். ரி.எஸ்.பி. எண்ட எண்ணெய்ப் பிசுக்குக் கழுவுற பவுடரைச் சுடுதண்ணியில கரைச்சு ஒரு இழுப்பு இழுக்க மண்ணிறத் தண்ணி கையுறைக்குள்ளால முழங்கை வரைக்கும் ஓடினது, பின்னால பார்த்தா சுவர் வெள்ளை! வருசக்கணக்காப் பொரிச்ச எண்ணெயும் தாளிச்ச புகையும். அதுக்கு மேல அப்பிடியே அடிச்சிருந்தா பெயின்ற் ஒட்டாது, உரிஞ்சு வரும், மஞ்சளும் கசிஞ்சு வெளிய தெரியும். கழுவி, காயவிட்டு, கறை மறைக்கிற பிரைமர் ஒரு கோட், பிறகுதான் பெயின்ற் ரெண்டு கோட். கிச்சினுக்கும் பாத்ரூமுக்கும் கொஞ்சம் மினுங்கிற செமி குளொஸ், படுக்கை அறைக்கு மினுக்கம் குறைஞ்ச எக்‌ஷெல். ஆணி ஓட்டையளை அடைச்சுத் தேய்ச்சாப்பிறகு ரோச் லைற்றைச் சுவரோட ஒட்டிச் சாய்வாப் பிடிச்சுப் பாருங்கோ, மேடு பள்ளம் எல்லாம் நிழல் விழுந்து காட்டிக் குடுக்கும்.

ஸ்காபரோ பங்களோ கனக்க 1950களில கட்டினது, அதை மறக்காதேங்கோ. 1960க்கு முந்தின வீட்டில பழைய பெயின்ற்றில ஈயம் இருக்கப் பெரிய சான்ஸ் இருக்கு, ரெஸ்ற் பண்ணாம சான்ட்பேப்பர் போடாதேங்கோ, சின்னப் பிள்ளையள் உள்ள வீடெண்டா சொல்லவே வேண்டாம், அந்தத் தூசுதான் அதுகளின்ர மூளைக்குக் கேடு. பொரி ஒட்டின மாதிரிக் கரடுமுரடா இருக்கிற பொப்கோர்ன் சீலிங்கும் அப்பிடித்தான், அஸ்பெஸ்டொஸ் (தூசு நுரையீரலுக்குக் கூடாத நார்) இருக்கா எண்டு லாப்புக்கு ஒரு துண்டு குடுத்துப் பாத்திட்டுச் சுரண்டுங்கோ.

என்ர முதல் வீட்டில நான் விட்ட பிழை, வடிவாப் பெயின்ற் அடிச்சு முடிச்சாப்பிறகுதான் வயரைப் பாத்தனான். பேஸ்மென்ற்றில மரச்சட்டத்துக்கு இடையில ஓடுற கேபிள் உறையில 'அலுமினியம்' எண்டு அச்சடிச்சிருக்கு. 60களின்ர நடுவில இருந்து 70களின்ர கடைசி வரைக்கும் கட்டின வீடுகளில இது இருக்கும். இணைப்பு இளகிச் சூடேறித் தீப்பிடிக்கலாம் எண்டு இன்சூரன்ஸ்காரர் அதைத்தான் முதல் கேட்டவை. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரிசியனைக் கூப்பிட்டு ஒவ்வொரு பிளக், சுவிட்ச் எல்லாம் கழட்டி நுனி மாத்தினது, ஈ.எஸ்.ஏ. (ஒன்ராரியோ மின்சாரப் பாதுகாப்பு அமைப்பு) இன்ஸ்பெக்ஷன், பிறகு உடைஞ்ச விளிம்பு எல்லாம் திரும்பவும் ரச்சப். அதால கூரை, தண்ணி, வயர் முடிஞ்சு கடைசியாப் பெயின்ற். பேஸ்மென்ற் பிரிச்சு வாடகைக்கு விடுறதெண்டா பெர்மிற் எடுத்து, ஆபத்துக்கு ஏறித் தப்பக்கூடிய ஜன்னல் வைச்சுச் செய்யுங்கோ. அதில படுக்கப்போறதும் எங்களை மாதிரி புதுசா வந்த பிள்ளையள்தானே.

ஆளைப் பிடிச்சுச் செய்விக்கிறதெண்டா முழுக்காசும் முன்னுக்குக் குடுக்காதேங்கோ, எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் தெரிஞ்ச ஆள் எண்டு நம்பி முழுசும் குடுத்திட்டு மாரி முழுக்கக் கிச்சின் இல்லாம இருந்தது. ஒன்ராரியோச் சட்டப்படி 10 வீதம் கையில பிடிச்சு வைக்கோணும், அது அவையளுக்கும் தெரியும். எழுத்தில ஒப்பந்தம், ஒவ்வொரு பில்லும் பத்திரம்.

தம்பி, இந்தச் சனிக்கிழமை வீடு பாக்கப் போறன் எண்டனீங்கள். மேல கிச்சினைப் பாக்க முன்னம் நேர பேஸ்மென்ற்றுக்கு இறங்குங்கோ, ரோச் லைற் கொண்டு போங்கோ, சுவர் மூலையள், கரண்ட் பனல் பெட்டி, கேபிள் எழுத்து மூண்டையும் போட்டோ எடுத்து இங்க போடுங்கோ, பாத்துச் சொல்லுறன்.