அம்மாவுக்கு ஓவரி கேன்சர், எனக்கு 34 வயது: வருஷா வருஷம் சி.ஏ. 125 எடுத்தால் போதுமா?

தக்கலைக்காரி

அம்மாவுக்கு 58 வயது. ஓவரி (சினைப்பை) கேன்சர், மூன்றாம் ஸ்டேஜ், திருவனந்தபுரம் ஆர்.சி.சி. கேன்சர் ஆஸ்பத்திரியில் கீமோ ஓடுகிறது. அதற்கு முன்னால் ஐந்து மாதம் வயிறு உப்புசம், ரெண்டு கரண்டி கஞ்சி குடித்தாலே போதும் போதும் என்பாள், அடிக்கடி ஒண்ணுக்குப் போவாள். நாங்கள் ஓமத்தண்ணி கொடுத்தோம், பக்கத்து டாக்டர் கேஸ் என்று மாத்திரை கொடுத்தார், அப்படியே நாள் போய்விட்டது. சித்திக்கு (அம்மாவின் தங்கை) 42 வயதில் மார்பகத்தில் வந்து ஆபரேஷன் ஆனது, இப்போது நன்றாக இருக்கிறாள். எனக்கு ரெண்டு பிள்ளைகள். மார்த்தாண்டத்தில் ஒரு லேபில் பெண்கள் பேக்கேஜ் என்று சி.ஏ. 125 என்கிற ரத்த டெஸ்ட், ஸ்கேன், பாப் ஸ்மியர் எல்லாம் சேர்த்துச் செய்கிறார்கள். வருஷம் ஒருதரம் அதை எடுத்துக்கொண்டால் நிம்மதியாக இருக்கலாமா?

குளச்சல் மைனி

அந்த சி.ஏ. 125-ஐ நம்பி நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். எனக்கு 35-க்குள் இருக்க வேண்டியது 110 வந்தது. வீட்டில் சாவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது, மாப்பிள்ளை ரெண்டு நாள் கடைக்கே போகவில்லை. கடைசியில் பார்த்தால் எண்டோமெட்ரியோசிஸ், கர்ப்பப்பையின் உள்சவ்வு மாதிரியான திசு வெளியே வளர்கிற தொந்தரவு, கேன்சர் இல்லை. பீரியட்ஸ் நேரத்தில்கூட ஏறுமாம், கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு இருந்தாலும் ஏறுமாம், வயிற்றில் டிபி இருந்தால் நன்றாகவே ஏறுமாம். பேக்கேஜ் விற்கிறவன் இதையெல்லாம் சொல்ல மாட்டான்.

ஓய்வுபெற்ற நர்ஸ்

மைனி சொன்னது ஒரு பக்கம். மறுபக்கம் இன்னும் மோசம்: ஆரம்ப நிலையில் கேன்சர் இருக்கிற பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த அளவு நார்மலாகவே இருக்கும். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து வருஷக்கணக்காகப் பார்த்தார்கள், ஒரு பிரிவுக்கு வருஷா வருஷம் சி.ஏ. 125, இன்னொரு பிரிவுக்கு ஸ்கேன், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. 2021-ல் முடிவு வந்தது, டெஸ்ட் எடுத்தவர்களிடமும் ஓவரி கேன்சர் சாவு குறையவில்லை. அதனால்தான் தொந்தரவு ஏதும் இல்லாத, குடும்பத்திலும் இல்லாத பெண்களுக்கு இந்த டெஸ்டை யாரும் சிபாரிசு செய்வதில்லை. பாப் ஸ்மியர் கர்ப்பப்பை வாய்க்கானது, அதை அதற்காக எடுங்கள், ஓவரியை அது பார்க்காது.

ஆனால் தங்கச்சி, உன் கதை வேறு. அம்மாவுக்கு ஓவரி, சித்திக்கு 42-லேயே மார்பகம் என்றால் பிஆர்சிஏ ஜீனில் (1, 2 என்று இரண்டு உண்டு, கோளாறானால் மார்பக, ஓவரி கேன்சர் அபாயம் கூடும், குடும்பத்தில் இறங்கும்) கோளாறு இருக்கிறதா என்று கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். முதலில் ரத்தம் கொடுக்க வேண்டியது நீ இல்லை, அம்மா. நோய் வந்தவரிடம் தேடினால்தான் விடை தெளிவாகக் கிடைக்கும், அதோடு அம்மாவுக்கு எந்த மருந்து கொடுக்கலாம் என்பதற்கும் அந்த ரிசல்ட் உதவும். அம்மாவிடம் கோளாறு இருந்தால் அந்தக் கோளாறு உனக்கும் இறங்கியிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, அப்போது நீ எடு. சாதாரணமாக நூறு பெண்களில் ஒருத்திக்கு வாழ்நாளில் ஓவரி கேன்சர் வரும் என்றால், பிஆர்சிஏ 1 கோளாறு உள்ளவர்களில் 40 பேர் அளவுக்கு வரும், 2 என்றால் 11 முதல் 17 பேர். கீமோ கொடுக்கிற டாக்டரிடமே ஜெனடிக் கவுன்சலிங் வேண்டும் என்று வாய்விட்டுக் கேள்.

ஆரல்வாய்மொழி காற்று

எங்கள் அத்தைக்கு, அதாவது அப்பாவின் அக்காவுக்கு ஓவரி கேன்சர் இருந்தது. அப்பா வழி என்பதால் என் தங்கைக்கு ஒன்றுமில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள், சரியா? இன்னொன்று, மணவாளக்குறிச்சி மண்ணில் கதிர்வீச்சு இருக்கிறதே, இதெல்லாம் அதனால்தான் என்று டீக்கடையில் அடித்துச் சொல்கிறார்கள்.

ஓய்வுபெற்ற நர்ஸ்

சரியில்லை. ஜீன் அப்பா வழியாகவும் அப்படியே இறங்கும், ஆணிடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு மகளிடம் தலைகாட்டும். மண் விஷயம்: நம் மாதிரியே மோனசைட் (கதிர்வீச்சுள்ள தாது) மண் உள்ள கொல்லம் பக்கம் கருநாகப்பள்ளியில் ஏறக்குறைய 70,000 பேரைப் பல வருஷம் பின்தொடர்ந்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள், அந்தக் கதிர்வீச்சால் கேன்சர் கூடியதாகத் தெரியவில்லை. டீக்கடைக்காரரிடம் சொல்லுங்கள், கேட்க மாட்டார்.

தக்கலைக்காரி

எனக்கும் அந்த ஜீன் இருந்துவிட்டால் அப்புறம் என்ன செய்வது சிஸ்டர்? ராத்திரி தூக்கமே இல்லை.

ஓய்வுபெற்ற நர்ஸ்

இருந்தால் வழி இருக்கிறது, அதற்காகத்தான் தேடவே சொல்கிறேன். ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி 2015-ல் செய்ததுதான், ஓவரியையும் கருக்குழாயையும் முன்கூட்டியே எடுத்துவிடுவது. பிஆர்சிஏ 1 என்றால் பிள்ளைப்பேறு முடிந்த பிறகு 35 முதல் 40 வயதுக்குள், 2 என்றால் 40 முதல் 45. அபாயம் பெரும்பகுதி போய்விடும், முழுசாகப் போகாது. விலையும் உண்டு: பீரியட்ஸ் அன்றோடு நின்று, உடம்பு கொதிப்பும் எலும்புத் தேய்மானமும் சீக்கிரம் வரும், அதற்கு மருந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். கர்ப்பத்தடை மாத்திரை ஐந்து வருஷம் சாப்பிட்டவர்களுக்கு அபாயம் பாதியாகக் குறைகிறது, ஆனால் சித்திக்கு மார்பகத்தில் வந்திருப்பதால் நீயாகக் கடையில் வாங்கிப் போடாதே. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவர்களுக்கும் கொஞ்சம் குறைவு, ஏனென்றால் இந்த நோயின் முக்கிய வகை பெரும்பாலும் ஓவரியில் இல்லை, கருக்குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: புதிதாக உப்புசம், அடிவயிற்று வலி, கொஞ்சம் தின்றாலே வயிறு நிறைவது, சிறுநீர் அவசரம், இவை மாதத்தில் பாதி நாள் இருந்தால் கேஸ் மாத்திரையோடு நிற்காமல் ஸ்கேன் கேளுங்கள். தொந்தரவு இருக்கும்போது எடுக்கிற சி.ஏ. 125-க்கு அர்த்தம் உண்டு.

தக்கலைக்காரி

கவுன்சலிங்குக்கு அடுத்த கீமோ அன்றைக்கே நேரம் கேட்டிருக்கிறேன். குடும்பத்தில் யார் யாருக்கு என்னென்ன நோய் என்று எழுதிவரச் சொன்னார்கள். அம்மச்சி எதில் இறந்தாள் என்று அம்மாவிடம் கேட்டேன். "கேன்சர் ஒண்ணும் இல்ல பிள்ளே, வயித்துல வெள்ளம் கோரி செத்தா" என்றாள்.

ஓய்வுபெற்ற நர்ஸ்

அதையும் அப்படியே எழுது. என்ன வயதில் என்றும் கேட்டு எழுது.