காம்டேயின் 13 மாத நாட்காட்டி: நிஜமாகவே யாராவது பயன்படுத்தினார்களா?

தேதிகிழிப்பவன்:
‘சமூகவியலின் தந்தை அகஸ்ட் காம்டே’ என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அவர் 1849-ல் ஒரு நாட்காட்டியே போட்டிருக்கிறார் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். கடவுள் வழிபாட்டுக்குப் பதிலாக மனிதர்கள்: மாதத்துக்கு ஒருவர், தினமும் ஒருவர். மோசே, ஹோமர், அரிஸ்டாட்டில், ஆர்க்கிமிடீஸ் என்று போய் 13-வது மாதம் பிஷா என்ற உடற்கூறு மருத்துவர் பெயரில் முடிகிறது. 13 மாதம் எப்படிக் கணக்கு வரும்? வெறும் காகிதத்தோடு நின்றுவிட்டதா?

கணக்குப்பிள்ளை:
13 × 28 = 364. மிச்சமிருக்கும் ஒரு நாளுக்குக் கிழமையே கிடையாது, அது இறந்தவர்கள் எல்லோருக்குமான நாள். லீப் வருடத்தில் இன்னொரு நாள், புனிதப் பெண்களுக்கு. எல்லா மாதமும் திங்களில் தொடங்குவதால் 10-ம் தேதி என்றால் எப்போதும் புதன்தான், ஒரு காலண்டரை ஆணியில் மாட்டினால் ஆயுசுக்கும் போதும். முதல் வருடம் 1789, பிரெஞ்சுப் புரட்சி நடந்த ஆண்டு. சீடர்கள் இதை நிஜமாகவே பயன்படுத்தினார்கள். காம்டே இறந்த 1857 செப்டம்பர் 5, அவர்கள் கணக்கில் 69-ம் ஆண்டு குட்டன்பர்க் மாதம் 24. 1892-ல் காம்டேயின் ஆங்கிலேயச் சீடர் ஃபிரெடரிக் ஹாரிசன் இந்தப் பட்டியலில் உள்ள 558 பேரின் (பல நாட்களுக்கு லீப் வருடத்தில் மாற்று ஆள் உண்டு) வாழ்க்கைக் குறிப்புகளையும் தொகுத்து வெளியிட்டார். பிரேசில் கொடியில் ‘ஒழுங்கும் முன்னேற்றமும்’ என்று இருக்கிறதே, அது காம்டே கூட்டத்தின் முழக்கத்திலிருந்து போனது, ரியோவில் அவர்களுக்குக் கோவிலே உண்டு.

மழைக்காகம்:
கணக்கெல்லாம் சரி, பெயர்களைப் பார்த்தீர்களா? பவுலுக்கு ஒரு முழு மாதம், ஆனால் இயேசு பட்டியலிலேயே இல்லை. நெப்போலியனும் இல்லை. புத்தர், கன்ஃபூசியஸ், முகமது மூவருக்கும் முதல் மாதத்திலேயே ஆளுக்கொரு ஞாயிறு. அதே மாதம் 10-ம் தேதி யார் தெரியுமா, நம்ம மனு! இங்கே அதைக் கொண்டாடச் சொல்லிப் பாருங்கள். கடைசி மாதத்தின் ஞாயிறுகள் கலிலியோ, நியூட்டன், லவோசியே என்று வரிசையாக வந்து நாலாவது ஞாயிறு கால் (Gall) என்ற மருத்துவருக்குப் போகிறது. மண்டையோட்டின் மேடுபள்ளத்தைத் தடவிக் குணம் சொல்லலாம் என்றவர், அந்த ‘அறிவியல்’ எப்போதோ செத்துப்போய்விட்டது. தினசரிப் பெயர்களில் பெண்கள் இருக்கிறார்கள்தான், ஆனால் அவர்களுக்கென்று தனி விழா நாலு வருடத்துக்கு ஒருமுறை என்பது கொஞ்சம் அநியாயம்.

தேதிகிழிப்பவன்:
எந்தப் பட்டியல் போட்டாலும் சண்டை வரத்தானே செய்யும்?

மழைக்காகம்:
வரும். ஆனால் மற்ற பட்டியல் என்றால் அடுத்த வருடம் கடைசியில் இன்னொரு பெயரைச் சேர்த்துவிடலாம். இதில் 365 நாளும் நிரம்பிவிட்டது, புதிதாக ஒருவரை உட்கார வைக்க வேண்டுமென்றால் பழைய ஆளை எழுப்பித்தான் ஆக வேண்டும். இதற்கு முன் 1793-ல் வந்த பிரெஞ்சுக் குடியரசு நாட்காட்டி, நாட்களுக்குக் காய்கறி, விலங்கு, கருவிகளின் பெயரை வைத்தது. கேரட்டோடு யார் சண்டைக்குப் போவார்கள்? அதுவே 1805-க்கு மேல் ஓடவில்லை என்பது வேறு கதை.

கணக்குப்பிள்ளை:
13 மாதக் கணக்கு மட்டும் பிழைத்தது. கேமரா, ஃபிலிம் தயாரித்த கோடக் (Kodak) கம்பெனி 1928 முதல் 1989 வரை உள்கணக்குகளை 28 நாள் மாதத்தில்தான் வைத்தது, ஆனால் அது காட்ஸ்வொர்த் என்ற ஆங்கிலேயர் தனியாகப் போட்ட திட்டம், அதில் பெரிய மனிதர்கள் யாரும் இல்லை.

உங்கள் பிறந்தநாளைப் பார்க்க வேண்டுமா? ஆண்டின் எத்தனையாவது நாள் என்று எண்ணி அதில் 28, 28-ஆகக் கழித்துக்கொண்டே வாருங்கள். பாரதி பிறந்த 1882 டிசம்பர் 11 ஆண்டின் 345-வது நாள், 12 மாதத்துக்கு 336 போனால் மீதி 9. ஆக, 94-ம் ஆண்டு பிஷா மாதம் 9, செவ்வாய்க்கிழமை.