புதுப்பிப்பு: மூடிய முகவரிக்கு ஸ்பேம் நின்றதா?

மூடிவிட்ட மின்னஞ்சல் முகவரியை ஸ்பேம் அனுப்புபவர்கள் எப்போதாவது பட்டியலிலிருந்து எடுப்பார்களா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மடலை வாங்காமலேயே என் மின்னஞ்சல் சர்வர் 550 என்ற பிழை எண்ணைப் பதிலாகக் கொடுத்து, அதாவது 'அப்படி ஒருவர் இங்கே இல்லை' என்று வாசலிலேயே திருப்பிவிடட்டும் என்ற யோசனைதான் கைகொடுத்தது, பாதி அளவுக்கு. வாங்கிவிட்டு அப்புறம் தனி மடலாகத் திருப்பி அனுப்பாதே என்றதும் மிகச் சரி: ஸ்பேமில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலி, திரும்பும் மடல் சம்பந்தமே இல்லாத யார் தலையிலாவது போய் விழும்.

முதலில் நின்றவை செய்திமடல்களும் கடை விளம்பரங்களும். இல்லாத முகவரிக்கு அனுப்பிக்கொண்டே இருந்தால் அவர்களுடைய மற்ற மடல்களும் ஸ்பேம் பெட்டிக்குப் போகத் தொடங்கும், அதனால் அவர்களாகவே நீக்கிவிடுகிறார்கள்.

அசல் ஸ்பேம் நிற்கவில்லை. வந்துபோன மடல்களை சர்வர் குறித்துவைக்கும் பதிவேட்டை (log) திறந்தால் ஒவ்வொரு வரியிலும் வேறு ஐபி (அனுப்பும் கணினியின் இணைய எண்), அதே பழைய முகவரி, பக்கத்திலேயே 550. வைரஸ் பிடித்த யாருடைய கணினிகள் வழியாகவோ வருவதால் அந்தப் பதிலை அந்தப் பக்கம் யாரும் படிப்பதில்லை. பட்டியலும் கைமாறி விற்கப்படுவது, ஒருவர் நீக்கினாலும் அடுத்தவரிடம் பழைய பிரதி இருக்கும்.

எதிர்பாராத ஒன்று: முதல் எழுத்து மட்டும் வெட்டுப்பட்ட என் முகவரிக்கும் மடல் வருகிறது. அப்படி ஒரு முகவரி என் டொமைனில் (முகவரியில் @க்குப் பின் வரும் பெயர்) இருந்ததே இல்லை, யாரோ முகவரிகளைத் திரட்டும்போது தவறாக எடுத்தது பட்டியலில் நிரந்தரமாகிவிட்டது. அதற்கும் 550தான், அமைப்பை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.