ஏஜென்சியிடமிருந்து கூகுள் ஆட்ஸை நாமே எடுத்துக்கொண்டபோது என்ன நடந்தது?

நீலக்குடை:
மூன்று மாதம் ஆகிவிட்டது, இன்னும் மனசு ஆறவில்லை. வெள்ளிக்கிழமை மாலை, எங்கள் கூகுள் விளம்பரங்களை நடத்திவந்த ஏஜென்சியின் மேனேஜர் அக்கவுண்டிலிருந்து (பல வாடிக்கையாளர்களின் அக்கவுண்டுகளை ஒரே இடத்தில் நிர்வகிப்பது) நானேதான் இணைப்பைத் துண்டித்தேன். அட்மின் உரிமை எங்களிடம், கார்டும் எங்களுடையது, வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். திங்கள் காலை, எதைத் தேடியவர்களுக்கு எங்கள் விளம்பரம் போனது என்று காட்டும் தேடல் சொற்கள் அறிக்கையைத் திறந்தேன். நாங்கள் விற்பது பில்லிங் மென்பொருள். வந்திருந்தவை 'பில்லிங் வேலை', 'பில்லிங் சாஃப்ட்வேர் இலவச டவுன்லோடு', 'பில்லிங் சாஃப்ட்வேர் கிராக்'. கீழே இறக்க இறக்க அதே கதை, ஒவ்வொரு வரிக்கும் நேராக ஒரு தொகை. எந்தச் சொற்களுக்கு விளம்பரம் வரக்கூடாது என்று சொல்லும் நெகடிவ் கீவேர்டு பட்டியல் முழுவதும் அவர்களுடைய மேனேஜர் அக்கவுண்டிலிருந்து பகிரப்பட்டதாம். இணைப்பு போனதும் அதுவும் போய்விட்டது. கேட்டதற்கு, 'அது எங்கள் உழைப்பு' என்றார்கள். நான்கு வருடம் மாதாமாதம் கட்டணம் கட்டியது எதற்கு?

கணக்கன்77:
உங்களுக்காவது அக்கவுண்ட் கிடைத்தது. வீடியோ மீட்டிங்கில் 'அட்மின் அக்சஸ் கொடுங்கள்' என்று நான் சொன்னதும் மைக்கை மியூட் செய்துவிட்டார்கள். திரையில் மூன்று பேர் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள், எனக்குச் சத்தமே வரவில்லை. அந்த ஒரு நிமிடம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அப்புறம் மைக்கைத் திறந்து, 'அக்கவுண்ட் எங்கள் பெயரில் திறந்தது, ஒப்பந்தத்தைப் பாருங்கள்' என்றார்கள். பார்த்தேன், அப்படித்தான் இருந்தது. ஒரு அக்கவுண்டின் வரலாற்றை இன்னொன்றுக்கு மாற்ற வழியில்லை. புதிதாகத் திறந்து முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

முன்னாள்ஏஜென்சி:
நீலக்குடை, கோபம் நியாயம்தான். ஆனால் மேனேஜர் அக்கவுண்டில் பட்டியல் வைப்பது உங்களை மாட்டிவிடுவதற்காக இல்லை. ஒரே பட்டியலைப் பல வாடிக்கையாளர்களுக்குப் போட அதுதான் வசதி. அதை நகலெடுத்துக் கொடுக்கப் பத்து நிமிடம் போதும், கொடுக்காதது தப்பு.

நான் ஏஜென்சியில் இருந்தபோது, பிரிந்துபோன ஒருவர் பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார். 'ஆர்டர் வருகிறது, அக்கவுண்டில் கன்வர்ஷன் (விளம்பரத்தால் வந்த ஆர்டர்) பூஜ்யம் காட்டுகிறது, விளம்பரமும் குறைந்துகொண்டே போகிறது' என்றார். கன்வர்ஷன் ஆக்‌ஷன் (அந்த ஆர்டரை எண்ணும் அமைப்பு) எங்கள் மேனேஜர் அக்கவுண்டில் இருந்தது, பிரிந்ததும் எண்ணுவது நின்றுவிட்டது. ஒரு ஆர்டருக்கு இவ்வளவு செலவு என்ற இலக்கை வைத்து ஏலத்தொகையைத் தானே முடிவுசெய்யும் டார்கெட் சிபிஏ ஓடிக்கொண்டிருந்ததால், எதுவும் விற்கவில்லை என்று நம்பி சிஸ்டம் ஏலத்தொகையைக் குறைத்துவிட்டது.

அதனால் நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள். கன்வர்ஷன் யாருடைய அக்கவுண்டில் இருக்கிறது? இணையதளத்தின் கண்காணிப்புக் குறியீடுகளை வைத்திருக்கும் டேக் மேனேஜர் கன்டெய்னர் யார் பெயரில்? ரீமார்க்கெட்டிங் பட்டியல் (ஏற்கெனவே தளத்துக்கு வந்துபோனவர்கள்), ஸ்கிரிப்ட் (அக்கவுண்டில் தானாக வேலை செய்யும் நிரல்) எல்லாம் எங்கே ஓடுகின்றன? பேமென்ட்ஸ் ப்ரொஃபைல் ஏஜென்சியுடையது என்றால் பணம் கட்டுபவரை முதலில் மாற்றுங்கள். சேஞ்ச் ஹிஸ்டரி (யார் எதை மாற்றினார்கள் என்ற பதிவு) இரண்டு வருடத்துக்குத்தான் இருக்கும், இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். புதிய கன்வர்ஷனை உங்கள் அக்கவுண்டில் போட்டு, பழையதோடு சில வாரம் சேர்த்து ஓடவிட்டு, எண்கள் ஒத்துப்போன பிறகு துண்டியுங்கள். அதே வாரத்தில் பட்ஜெட்டையும் டார்கெட்டையும் தொடாதீர்கள். எது எதனால் விழுந்தது என்றே தெரியாமல் போகும். கூகுளின் பரிந்துரைகளைத் தானாகவே செயல்படுத்தும் ஆட்டோ அப்ளை ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

புளியமரம்:
முன்னாள்ஏஜென்சி சொல்வதில் பாதியை நான் ஏற்க மாட்டேன். வசதிக்காக வைத்தது என்றால், பிரியும்போது சொல்லியிருக்க வேண்டாமா? எங்கள் மாத அறிக்கையில் எப்போதும் பச்சை அம்புதான். கைக்கு வந்ததும் பிராண்டு கேம்பெயினைத் தனியாகப் பிரித்துப் பார்த்தேன். கன்வர்ஷனில் பெரும்பகுதி எங்கள் நிறுவனத்தின் பெயரையே தேடி வந்தவர்கள். புதிய ஆட்களைக் கொண்டுவந்த வரிசை எவ்வளவு சின்னது என்று பார்த்தபோது பேச்சே வரவில்லை.

நீலக்குடை, இன்னொன்று. குறைவான பேர் தேடிய சொற்கள் பலவற்றைக் கூகுள் 2020 செப்டம்பரிலிருந்து தேடல் சொற்கள் அறிக்கையில் காட்டுவதில்லை. நீங்கள் பார்த்தது முழுக் கணக்கு இல்லை.

நீலக்குடை:
அறிக்கையின் கூட்டுத்தொகை ஏன் இடித்தது என்று இப்போதுதான் புரிகிறது. பட்டியலை முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். நேற்று வரை 312 சொல். இந்த முறை எங்கள் அக்கவுண்டிலேயே.